பழைய வீட்டில் இரண்டு நாள்: முதல்முறை போகிறவர்களுக்கு

நாங்கள் ஆறு பேர் முதல்முறை இப்படி ஒரு கிராமத்துப் பழைய வீட்டுக்குப் போனபோது, போய்ச் சேரவே இரவு ஒன்பது மணி ஆகிவிட்டது. வாசல் விளக்கு எரியவில்லை. பூட்டைத் திறக்கக் கால் மணி நேரம். உள்ளே போய் மோட்டாரைப் போட்டால் அது பாட்டுக்கு ஓடுகிறது, குழாயில் ஒரு சொட்டு வரவில்லை. "டேய், மோட்டார் ஓடுது, தண்ணி ஏறலடா" என்று மாடியிலிருந்து ஒருவன் கத்தினான். "கொஞ்ச நேரம் ஓடட்டும், தானா வரும்" என்றான் கீழே இருந்தவன். தண்ணீர் வரவில்லை, பத்து நிமிடத்தில் கருகிய வாசனை வந்தது. அந்தச் சனி, ஞாயிறு முழுக்க வாளியில் தண்ணீர் சுமந்தோம். ஊர் திரும்பியதும் மோட்டார் ரிப்பேருக்கு ஆளுக்கொரு பங்கு கொடுத்தோம்.

அதற்கப்புறம் நிறைய வீடுகளுக்குப் போய் வந்தாயிற்று. எல்லாவற்றிலும் நான் விடாமல் பிடித்துக்கொள்ளும் வழக்கம் ஒன்றுதான். போய்ச் சேர்ந்த முதல் இரண்டு மணி நேரம் வீட்டுக்கு, மீதி நமக்கு. பையைப் பிரிப்பது, பாட்டுப் போடுவது, படம் எடுப்பது எல்லாம் அப்புறம். மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்த வீடு தூக்கத்தில் இருக்கும். அதைப் பக்குவமாக எழுப்பிவிட்டால் இரண்டு நாளும் அது நம்மைப் பார்த்துக்கொள்ளும்.

யார், எத்தனை பேர்

படுக்கையை எண்ணாதீர்கள், கழிப்பறையை எண்ணுங்கள். பழைய வீட்டில் தரையில் பாய் விரித்தால் பத்துப் பேர்கூடப் படுக்கலாம். ஆனால் காலையில் ஒரே குளியலறைக்கு ஆறு பேர் என்றால், ஆளுக்கு 20 நிமிடம் வைத்தாலும் இரண்டு மணி நேரம் போய்விடும். ஒரு குளியலறைக்கு நான்கு பேர் என்பது என் கணக்கு. ஆறு பேர் வரை சமாளிக்கலாம், அதற்கு மேல் கஷ்டம்.

நெருங்கிய நண்பர்கள் என்றால் எல்லாம் சரியாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம். வாரம் ஒருமுறை இரண்டு மணி நேரம் சந்திக்கிறவனோடு 48 மணி நேரம் ஒரே கூரைக்கு அடியில் இருப்பது வேறு விஷயம். இரவு பத்து மணிக்குத் தூங்குகிறவர் யார், விடியும்வரை பேசுகிறவர் யார், குறட்டை விடுகிறவர் யார் என்பதை முன்பே சிரித்துப் பேசி முடித்துவிடுங்கள். குறட்டைக்காரருக்குத் தனி அறை. அவரை ஒதுக்குவதாக யாரும் நினைக்க மாட்டார்கள், மற்றவர்கள் கும்பிடுவார்கள்.

கணவனையோ மனைவியையோ குழந்தையையோ நாயையோ கூட்டி வரலாமா என்பதைக் கிளம்புவதற்கு முந்தின நாள் கேட்கக் கூடாது. தேதி குறிக்கும்போதே ஒரே பதில், எல்லோருக்கும் ஒரே விதி.

வீட்டுக்காரரிடம் என்ன கேட்பது

"எல்லா வசதியும் இருக்கா?" என்று கேட்டால் "இருக்கு" என்றுதான் பதில் வரும். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு அந்த வீடு பழகிவிட்டது. பின்பக்கக் கதவைக் கொஞ்சம் தூக்கித் தள்ளினால்தான் திறக்கும் என்பது அவருக்கு ஒரு குறையாகவே தெரியாது. அதனால் பதில் நழுவ முடியாத கேள்வியாகக் கேளுங்கள்.

அந்த வீட்டில் கடைசியாக யாராவது இரவு தங்கியது எப்போது? இது என் முதல் கேள்வி. போன வாரம் என்றால் பாதிக் கவலை போயிற்று. ஆறு மாதம் ஆயிற்று என்றால் தண்ணீர், எலி, மின்சாரம் மூன்றுக்கும் தயாராகப் போக வேண்டும். அடுத்து, தண்ணீர் எங்கிருந்து வருகிறது, டேங்க் எத்தனை லிட்டர், மின்சாரம் போனால் மோட்டார் எப்படி ஓடும்? எந்தக் கழிப்பறை நன்றாக வேலை செய்கிறது? போகவே கூடாத இடம் ஏதாவது உண்டா? இந்தக் கடைசிக் கேள்விக்குத்தான் நல்ல பதில்கள் வரும். "மாடிப் பால்கனியில மட்டும் எல்லாரும் சேர்ந்து நிக்காதீங்க" என்று ஒருவர் எங்களிடம் சாதாரணமாகச் சொன்னார். கேட்காமல் இருந்திருந்தால், குரூப் போட்டோ எடுக்க ஏழு பேரும் அங்கேதான் நின்றிருப்போம்.

சாவி யாரிடம் இருக்கிறது, அவசரத்துக்குப் பக்கத்தில் யாரைக் கூப்பிடலாம், கைபேசிக்கு எந்த மூலையில் சிக்னல் வரும், அருகிலுள்ள மருத்துவமனைக்கு எத்தனை நிமிடம் ஆகும் என்பதையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். கிலோமீட்டர் கேட்டுப் பயனில்லை. மண் சாலையில் 12 கிலோமீட்டர் முக்கால் மணி நேரமும் ஆகலாம். முடிந்தால் மெயின் ஸ்விட்ச், மோட்டார், கேஸ் வால்வு மூன்றையும் கைபேசியில் வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். இரண்டு நிமிட வேலை. இரவு பத்து மணிக்கு அவரைத் தூக்கத்திலிருந்து எழுப்புவதைவிட எவ்வளவோ மேல்.

பணம்

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒருவர் கையில் மொத்தப் பணம். கிளம்புவதற்கு முன்பே எல்லோரும் சமமாகப் போட்டுவிட வேண்டும், மதிப்பிட்ட செலவுக்கு மேல் ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாக. வாடகையை இரவுக் கணக்கில் பிரியுங்கள். சாப்பாட்டை ஆள் கணக்கில் பிரியுங்கள். ஒரே ஒரு இரவு தங்குகிறவரும் குடிக்காதவரும் இருந்தால் அவர்களுக்கு என்ன கணக்கு என்பதை முதலிலேயே பேசுங்கள். மதுபானச் செலவைப் பொதுக் கணக்கில் சேர்ப்பதுதான் நான் பார்த்த மனக்கசப்புகளில் பாதிக்குக் காரணம்.

எதை எடுத்துப் போவது

துணிமணி பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை. வீட்டுக்கு வேண்டியதைச் சொல்கிறேன்.

ஆளுக்கொரு டார்ச். கைபேசி வெளிச்சம் போதும் என்று சொல்கிறவர் கையில் வாளியோடு இருட்டில் நடந்து பார்க்கட்டும், அப்போது தலையில் மாட்டும் டார்ச்சின் அருமை தெரியும். தேள் இருக்கக்கூடிய பகுதி என்றால் ஒரு சின்ன புற ஊதா டார்ச்சும் வாங்கிக்கொள்ளுங்கள். அந்த வெளிச்சம் பட்டால் தேளின் உடல் பச்சை நீலமாக ஒளிரும். இருட்டிய சுவரில் முதல்முறை அதைப் பார்க்கும்போது கொஞ்சம் பயமாகவும், அதைவிட அதிகமாக அழகாகவும் இருக்கும்.

முதல் நாளுக்கு ஆளுக்கு மூன்று லிட்டர் குடிநீர். தலையணை உறை, போர்வை. ரப்பர் கையுறை ஒரு ஜோடி, பிளீச், பழைய துணி, குப்பைப் பை. கொசுவுக்கு ஏதாவது. காதில் வைக்கும் பஞ்சு. தீக்குச்சி, மெழுகுவர்த்தி. முதலுதவிப் பெட்டி. அன்றாடம் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இரண்டு நாளுக்கு இரண்டு நாள் மாத்திரை மட்டும் எடுத்துவராமல் நான்கு நாளுக்கு எடுத்துவர வேண்டும். வழித்தட வரைபடத்தைக் கைபேசியில் முன்கூட்டியே இறக்கி வையுங்கள்.

எடுத்துப் போகக் கூடாதது ஹீட்டர், இஸ்திரிப் பெட்டி, தலைமுடி உலர்த்தி. காரணம் கணக்கில் இருக்கிறது. 230 வோல்ட் மின்சாரத்தில் 2,000 வாட் சாதனம் ஒன்று ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். பழைய வீடுகளின் சின்ன பிளக் பாயிண்ட்கள் பெரும்பாலும் 5 ஆம்பியருக்குப் போட்டவை. அதில் கெட்டிலைச் செருகினால் ஃபியூஸ் போகும், அது நல்லது. ஃபியூஸ் போகாமல் சுவருக்குள் ஒயர் சூடானால்தான் ஆபத்து. ஃபியூஸ் போன இடத்தில் தடித்த கம்பியைச் சுற்றி வைக்கும் கெட்டிக்காரர் ஒருவர் எல்லாக் கூட்டத்திலும் இருப்பார். அவரைத் தடுத்து நிறுத்துங்கள்.

முதல் இரண்டு மணி நேரம்

சூரியன் மறைவதற்கு மூன்று மணி நேரம் முன்பாவது போய்ச் சேருங்கள். இது ஒன்றைச் செய்தாலே மற்றதெல்லாம் தானாக வழிக்கு வரும். வெள்ளிக்கிழமை வேலை முடித்து இருட்டில் போவதைவிட, சனிக்கிழமை விடிகாலை கிளம்பி மதியத்துக்குள் போவது நல்லது. ஓர் இரவு குறையும், ஆனால் இருக்கிற இரவு உருப்படியாக இருக்கும்.

போனதும் முதலில் கதவு ஜன்னல் எல்லாவற்றையும் திறந்து போட்டுவிட்டு அரை மணி நேரம் வெளியே இருங்கள். மூட்டைகளை வராந்தாவில் வைத்துவிட்டு வீட்டைச் சுற்றி ஒரு நடை போங்கள். அடைந்த காற்று வெளியேறும். நீங்களும் கிணறு எங்கே, செப்டிக் டேங்க் மூடி எங்கே, குளவிக் கூடு எந்தத் தாழ்வாரத்தில் என்று பார்த்துவிடுவீர்கள். செப்டிக் டேங்க் மூடி உடைந்தோ துருப்பிடித்தோ இருந்தால் அதன் மேல் ஏறாமல், கொஞ்சம் தள்ளி அதைச் சுற்றி நான்கு நாற்காலியைக் கவிழ்த்து வையுங்கள், இருட்டில் யாரும் அந்தப் பக்கம் போகாதபடி.

அடுத்தது எலி. அலமாரி ஓரத்திலும் சமையலறை மேடையிலும் கறுப்பு அரிசி போலப் புழுக்கை கிடந்தால் உடனே துடைப்பத்தை எடுக்காதீர்கள். காய்ந்த எச்சம் தூசியாகப் பறந்து மூக்குக்குள் போவது நோய்க்கு வழி. ஹன்டா வைரஸ் பரவும் வழிகளில் இதுவும் ஒன்று. ஒரு பங்கு பிளீச்சில் ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து, அந்த இடத்தை நன்றாக நனைத்து ஐந்து நிமிடம் விட்டு, கையுறை போட்டுத் துணியால் துடைத்து எடுங்கள். பரணில் வௌவால் குடியிருந்தால் அந்த அறையைச் சாத்திவிட்டு வேறு அறையைப் பாருங்கள்.

பிறகு மின்சாரம். செருப்புக் காலோடு, காய்ந்த கையோடு மெயின் ஸ்விட்சைப் போடுங்கள். போட்டதும் ஒரு நிமிடம் பேசாமல் நின்று காது கொடுத்துக் கேளுங்கள். எங்காவது 'சிர்ர்' என்று சத்தம், கருகல் வாசனை இருந்தால் அணைத்துவிட்டு வீட்டுக்காரரைக் கூப்பிடுங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு அறையாக விளக்கைப் போட்டுப் பாருங்கள். கசிவு மின்சாரத்தைக் கண்டதும் இணைப்பைத் துண்டிக்கும் சாதனம் பெட்டியில் இருந்தால் அதன் சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள், 'டப்' என்று விழ வேண்டும். பெரும்பாலும் அதில் 30 மில்லி ஆம்பியர் என்று எழுதியிருக்கும். அது இல்லாத வீட்டில் குளியலறையில் சார்ஜரை மாட்டவே மாட்டாதீர்கள்.

இனி மோட்டார் கதை. அன்றைக்கு எங்களுக்கு நடந்தது இதுதான். கிணற்றுக்கு மேலே உட்கார்ந்திருக்கும் சாதாரண பம்ப், காற்றைப் பிடித்து இழுக்காது. அதன் வயிற்றிலும், கிணற்றுக்குள் இறங்கும் குழாயிலும் தண்ணீர் நிறைந்திருந்தால்தான் கீழிருந்து தண்ணீரை ஏற்றும். குழாயின் அடியில் இருக்கும் ஃபுட் வால்வுதான் அந்தத் தண்ணீரைக் கீழே இறங்கவிடாமல் பிடித்து வைக்கிறது. மாதக்கணக்கில் சும்மா கிடந்தால் வால்வு கசிந்து குழாய் காலியாகி, உள்ளே காற்று நின்றுவிடும். அப்போது மோட்டார் எவ்வளவு ஓடினாலும் காற்றைத்தான் சுற்றும். பம்புக்குள் கசிவை அடைக்கும் 'சீல்' என்ற பாகத்தைக் குளிரவைப்பதும் அதே தண்ணீர்தான். அது இல்லாததால்தான் கருகிற்று.

ஆகவே ஒரு நிமிடத்துக்குள் தண்ணீர் வரவில்லை என்றால் நிறுத்துங்கள். பம்பின் தலையில் ஒரு திருகு மூடி இருக்கும். மின்சாரத்தை மெயினில் அணைத்துவிட்டு, அதைக் கழற்றி, ஒரு சொம்பால் மெதுவாகத் தண்ணீர் ஊற்றுங்கள். 'களக் களக்' என்று குமிழி வரும், தண்ணீர் உள்ளே இறங்கும், மறுபடி ஊற்றுங்கள். குமிழி நின்று விளிம்புவரை தண்ணீர் அசையாமல் நிற்கும்வரை பொறுமை வேண்டும். மூன்று நான்கு வாளிகூடப் பிடிக்கலாம். மூடியை இறுக்கி மோட்டாரைப் போட்டால், ஓடும் சத்தம் சில நொடிகளில் கனமாக மாறும். அந்தச் சத்தம் மாறுவதைக் கேட்க ஆறு பேரும் மூச்சைப் பிடித்து நிற்போம். மாடியிலிருந்து "வந்துடுச்சுடா!" என்று குரல் கேட்டால் டீ போடலாம். எவ்வளவு ஊற்றினாலும் நிறையவில்லை என்றால் வால்வு போய்விட்டது, ஆளைக் கூப்பிட வேண்டியதுதான்.

தண்ணீர் வந்ததும் எல்லாக் குழாய்களையும் சில நிமிடம் திறந்துவிடுங்கள், துருவும் தேங்கிய தண்ணீரும் போகட்டும். ஷவரைத் திறக்கும்போது மட்டும் கொஞ்சம் கவனம். வெதுவெதுப்பாக நெடுநாள் தேங்கிய தண்ணீரில் லெஜியோனெல்லா என்ற பாக்டீரியா வளரும். அது குடிப்பதால் வருவதைவிட, துளிச் சாரலாக மூச்சில் போவதால்தான் நுரையீரலைப் பாதிக்கும். ஜன்னலைத் திறந்து வைத்து, ஷவரை ஒரு வாளிக்குள் இறக்கித் திறந்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

கிணற்றுத் தண்ணீர் தெளிவாக இருக்கிறது என்று அப்படியே குடிக்க வேண்டாம். தளதளவென்று கொதி வந்த பிறகு ஒரு நிமிடம் கொதிக்கட்டும். 2,000 மீட்டருக்கு மேலான மலைப் பகுதி என்றால் மூன்று நிமிடம், ஏனென்றால் அங்கே குறைந்த சூட்டிலேயே தண்ணீர் கொதித்துவிடும். கிருமி சாகும். ஆனால் பழைய ஈயக் குழாயிலிருந்து கலந்ததும், வயல் உரம் கலந்ததும் கொதித்தாலும் போகாது. அந்தச் சந்தேகம் இருந்தால் குடிப்பதற்குப் பாட்டில் தண்ணீர்தான்.

கடைசியாக, மெத்தைகளைத் தூக்கி வெயிலில் ஓர் உதறு. அலமாரியில் மடித்து வைத்த போர்வையையும் உதறுங்கள். இவ்வளவும் ஆறு பேர் பிரித்துக்கொண்டால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகாது. இதைச் செய்யும்போதுதான் சிரிப்பும் ஆரம்பிக்கும். தலையில் துண்டு கட்டிக்கொண்டு ஒட்டடை அடிக்கும் மேலாளரைப் பார்த்து யாரால் சிரிக்காமல் இருக்க முடியும்?

தண்ணீர்க் கணக்கு

500 லிட்டர் டேங்க் என்றால் நிறைய என்று தோன்றும். வாளிக் குளியலுக்கு ஆளுக்கு 20 லிட்டர், பழைய ஃபிளஷ் ஒரு தடவைக்குச் சுமார் 10 லிட்டர். ஆறு பேர் ஒரு தடவை குளித்து, ஆளுக்கு நாளொன்றுக்கு ஐந்து தடவை ஃபிளஷ் செய்தால் அதற்கே 420 லிட்டர். பாத்திரம் கழுவ என்ன மிச்சம்? மின்சாரம் இருக்கும்போதே டேங்கை நிரப்பி வைப்பது ஒருவர் பொறுப்பு. கழிப்பறையில் பேப்பர் தவிர வேறு எதையும், குறிப்பாக ஈரத் துடைப்பான் தாளைப் போடக் கூடாது. பழைய செப்டிக் டேங்க் ஒருமுறை அடைத்துக்கொண்டால் சனிக்கிழமை இரவில் யாரும் வந்து உதவ மாட்டார்கள்.

சமையல்

எல்லாக் கூட்டத்திலும் நன்றாகச் சமைக்கத் தெரிந்தவர் ஒருவர் இருப்பார். இரண்டு நாளும் அவர் அடுப்பங்கரையிலேயே நின்றுவிடுவார். மற்றவர்கள் "உன் கை மணமே தனி" என்று சொல்லிவிட்டு வராந்தாவில் உட்கார்ந்திருப்பார்கள். ஊர் திரும்பிய பிறகு அவர் அடுத்த பயணத்துக்கு வரமாட்டேன் என்பார். இது நடக்காமல் இருக்க, வேளைக்கு இரண்டு பேர் என்று ஜோடி போடுங்கள். சமைக்கத் தெரியாதவர் நறுக்கட்டும், கழுவட்டும். மொத்தம் ஐந்து வேளைதான் வரும். அதில் ஒரு வேளை சமைக்காத சாப்பாடாக இருக்கட்டும்.

ஒரே பாத்திரத்தில் முடிகிற சமையலாகத் திட்டமிடுங்கள். பழைய வீட்டு அடுப்பில் இரண்டு பர்னர் இருந்தால் ஒன்றுதான் ஒழுங்காக எரியும். சமைத்தது 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட சூட்டில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடக்கக் கூடாது. 32 டிகிரிக்கு மேல் வெயில் கொளுத்தினால் ஒரு மணி நேரம்தான். பேச்சு சுவாரசியத்தில் மேசையிலேயே விட்ட இறைச்சியை நடுராத்திரி எடுத்துச் சாப்பிடுகிறவர்தான் மறுநாள் முழுக்கப் படுத்திருப்பார்.

நெருப்பு

இதை மட்டும் நிதானமாகப் படியுங்கள். குளிருக்கு இதமாக இருக்கட்டும் என்று சுடர் அடங்கிய கரித் தணலை ஒரு சட்டியில் அறைக்குள் கொண்டுவந்து வைப்பதுண்டு. புகை இல்லையே என்று நினைப்பார்கள். புகை இல்லாவிட்டாலும் தணலிலிருந்து கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு நிறம் கிடையாது, வாசனை கிடையாது. தலைவலி, தலைசுற்றல், குமட்டல் என்று ஆரம்பித்து, தூங்குகிறவரைத் தூக்கத்திலேயே கொன்றுவிடும். தணல், கரி அடுப்பு, ஜெனரேட்டர் மூன்றும் வீட்டுக்கு வெளியேதான். ஜெனரேட்டர் ஜன்னலிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். கையடக்கமான கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று பையில் இருந்தால் நிம்மதி. ஒரே நேரத்தில் இரண்டு மூன்று பேருக்குத் தலைவலி என்று சொன்னால் காரணம் தேடி நிற்காமல் எல்லோரும் வெளியே வாருங்கள். உதவிக்கு அழைப்பதும் வெளியே வந்த பிறகுதான்.

கணப்பு அடுப்பு இருக்கிற வீடு என்றால், பல வருடம் எரிக்காத புகைபோக்கிக்குள் பறவைக் கூடு இருக்கலாம். சுத்தம் செய்து எத்தனை நாள் ஆயிற்று என்று வீட்டுக்காரருக்குத் தெரியவில்லையா? எரிக்காதீர்கள், போர்த்திக்கொள்ளுங்கள்.

முற்றத்தில் நெருப்பு மூட்டினால் பக்கத்தில் இரண்டு வாளித் தண்ணீர். தூங்கப் போகும் முன் ஊற்றி, குச்சியால் கிளறி, மறுபடி ஊற்றி, சாம்பலுக்கு அருகே புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். சூடு தெரிந்தால் இன்னொரு வாளி.

பூச்சி பொட்டு

காலணியை உதறாமல் போடக் கூடாது, டார்ச் இல்லாமல் இரவில் வெளியே போகக் கூடாது, பார்க்காத இடத்தில் கை விடக் கூடாது. விறகுக் குவியல், கல் சந்து, கவிழ்த்த பானை எல்லாம் அதில் அடக்கம். பாம்பைப் பார்த்தால் வழிவிட்டு நில்லுங்கள், அது போய்விடும். கடித்துவிட்டால் கீறுவது, உறிஞ்சுவது, கயிற்றால் இறுக்கிக் கட்டுவது எதுவும் வேண்டாம். மோதிரம், கொலுசு, வாட்ச் ஆகியவற்றைக் கழற்றுங்கள், வீக்கம் வந்தால் கழற்ற முடியாது. கடிபட்ட காலையோ கையையோ அசைக்காமல் வைத்து, அவரை நடக்கவிடாமல் தூக்கி மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். பாம்பைத் தேடிப் பிடித்துக் கொண்டுபோக வேண்டியதில்லை. இன்னொருவர் கடிபடுவதுதான் மிச்சமாகும்.

வௌவால் கீறியது, கடித்தது என்றால் சின்னக் காயம்தானே என்று விட்டுவிடாமல் சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவி, அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். ரேபிஸ் விளையாட்டில்லை.

இன்னொன்று. 112 பல நாடுகளில் அவசர எண். உங்கள் நெட்வொர்க்கில் சிக்னல் இல்லாவிட்டாலும், அந்த இடத்தில் வேறு நெட்வொர்க் எட்டினால் பொதுவாக அழைப்பு அதன் வழியே போகும்.

கிணறும் குளமும்

கிணற்றின் ஆழம் அறிய ஒரு விளையாட்டு உண்டு. சின்னக் கல்லை விட்டு, தண்ணீரில் விழும் சத்தம்வரை எண்ணுங்கள். ஒரு நொடி என்றால் தண்ணீர் ஏறக்குறைய 5 மீட்டர் கீழே, இரண்டு நொடி என்றால் 20 மீட்டர் கீழே. குடிக்கும் கிணறாக இருந்தால் கல்லைப் போடாமல் கயிற்றில் வாளியை விட்டு அளந்துகொள்ளுங்கள். அளக்க முடிவது தண்ணீர்வரை உள்ள தூரம்தான், தண்ணீருக்குள் எவ்வளவு ஆழம், அடியில் என்ன கிடக்கிறது என்று அதில் தெரியாது. எனவே குதிக்க வேண்டாம். குடித்திருந்தால் குளத்தின் பக்கமே வேண்டாம். வறண்ட கிணற்றுக்குள் விழுந்த பந்தை எடுக்கக்கூட இறங்காதீர்கள். உள்ளே மூச்சுக்குத் தேவையான ஆக்சிஜன் இல்லாமல் இருக்கலாம். ஒருவர் மயங்கி விழ, அவரைத் தூக்க இறங்குகிறவரும் விழுவார்.

இரவு

முதல் இரவு யாரும் சரியாகத் தூங்க மாட்டார்கள். விளக்கை அணைத்துப் பத்து நிமிடத்தில் மேலே 'டக்' என்று ஒரு சத்தம். கொஞ்ச நேரம் கழித்து மாடிப்படியில் யாரோ ஒரு படி இறங்கியது போல இன்னொன்று. பகலெல்லாம் வெயிலில் விரிந்த ஓடும் தகரமும் உத்தரமும் இரவுக் குளிரில் சுருங்குகின்றன. மரம் ஒரே சீராகச் சுருங்குவதில்லை. பொருத்துகளில் இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்து திடீரென்று நழுவும், அந்த நழுவல்தான் 'டக்'. பெண் அலறுவது போல நீளமாகக் கேட்டால் பெரும்பாலும் கூகை. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் ஒருமுறை இரண்டு மணிக்குப் பக்கத்துப் படுக்கைக்காரனைத் தட்டி, "மச்சான், முழிச்சிருக்கியா?" என்று கேட்டிருக்கிறேன். "நீ கூப்பிடுவேன்னுதான் காத்திருந்தேன்" என்றான்.

பேய்க் கதை சொல்லுங்கள், தாராளமாக. ஆனால் பயப்படுகிறவர் எழுந்து போய்விட்டால் நிறுத்திவிடுங்கள். கழிப்பறைக்குப் போகும் வழியில் ஒரு சின்ன விளக்கு விடியும்வரை எரியட்டும்.

பகலில் என்ன செய்வது

ஒரு நாளைக்கு வெளியே போவது ஒருமுறைதான். நீர்வீழ்ச்சி, கோட்டை, சந்தை என்று பட்டியல் போட்டால் வீட்டில் இருக்க நேரமே இருக்காது, அப்புறம் அந்த வீட்டுக்கு எதற்குப் போனோம்? மதியச் சாப்பாட்டுக்கும் மாலை டீக்கும் நடுவில் ஒன்றும் செய்யாத மூன்று மணி நேரத்தை விட்டுவையுங்கள். யாராவது தனியாகப் புத்தகத்தோடு மாடிக்குப் போனால் "என்னடா ஆச்சு, கோபமா?" என்று பின்னாலேயே போகாதீர்கள். நல்ல பேச்சு எப்போதும் இந்த வெற்று நேரத்தில்தான் வரும். யாரோ ஒருவர் தலைகீழாகப் படுத்துக்கொண்டு, விட்டத்தைப் பார்த்தபடி, வேலையை விடப் போவதாகச் சொல்வார்.

கிளம்பும் நாள்

கிளம்பும் நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்பு எல்லாவற்றையும் நிறுத்துங்கள். குப்பையை அங்கேயே விட்டால் எலிக்கு விருந்து, கட்டி எடுத்து வாருங்கள். பாத்திரம், அடுப்பு, கேஸ் வால்வு, குழாய்கள், ஜன்னல்கள், கடைசியில் மெயின். ஒருவர் உள்ளிருந்து ஒவ்வொரு அறையாக வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வர, இன்னொருவர் பின்னாலேயே பார்த்து வரட்டும். சார்ஜர்கள் எப்போதும் கட்டிலுக்குப் பின்னால் இருக்கும் பிளக்கில்தான் தங்கிவிடும். பூட்டியதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பாதி வழியில் "பின் கதவைச் சாத்தினோமா?" என்று ஒருவர் கட்டாயம் கேட்பார்.

ஏதாவது உடைந்திருந்தால் வீட்டுக்காரர் கண்டுபிடிக்கும் முன் நீங்களே சொல்லிவிடுங்கள். நாங்கள் ஒரு வீட்டில் ஜன்னல் கொக்கி ஒன்றைப் பிய்த்துவிட்டோம். பயந்துகொண்டே போனில் சொன்னேன். "வலது பக்கத்து ஜன்னலா? அது நான் சின்ன வயசுல உடைச்சது, சும்மா ஒட்டி வச்சிருந்தேன்" என்றார்.